பெட்டியில் ஆள் உண்டா?

"தனியா" என்ற அந்த ஒரு வார்த்தைதான் லிஃப்ட் மெக்கானிக்கின் தூக்கத்தைக் கெடுத்தது.

சனிக்கிழமை சாயங்காலம், சம்பந்தியாகப் போகிறவர் ஃபோன் செய்தார். சம்பந்தி ஒரு பல் டாக்டர். வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசுகிற மனுஷர். "நாளைக்குக் காலையில மலை ஏறப் போறேன். நீங்களும் வாங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். தனியா பேசணும். வீட்டுல சும்மா நடக்கப் போறோம்னு சொல்லிடுங்க" என்றார். "அதுக்கென்ன சம்பந்தி, தாராளமா வர்றேன்" என்று மெக்கானிக் சொன்னதோடு சரி. அதற்கப்புறம் அரை மணி நேரம் கையில் ஃபோனோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்துக்கு இருபதே நாள் இருந்தது. மகளும் டாக்டரின் மகனும் ஒரே ஆபீஸில் நாலு வருஷமாகப் பக்கத்து மேஜைக்காரர்கள். அவர்களாகப் பார்த்து, அவர்களாகப் பேசி முடிவு செய்துவிட்டு, கடைசியில் பெரியவர்களிடம் வந்து நின்றார்கள். பெண் தலைகால் புரியாமல் திரிந்துகொண்டிருந்தாள். குளிக்கும்போது பாடினாள். பல் தேய்க்கும்போதுகூடப் பாட முயற்சி செய்தாள்.

"என்னங்க, டாக்டர் என்ன சொன்னாரு?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"மலை ஏறக் கூப்பிடுறாரு."

"உங்களையா!" மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டுங்கன்னா, முதல்ல ஜன்னலைச் சாத்துங்கற ஆளு நீங்க. உங்களையா மலைக்குக் கூப்பிடுறாரு?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. முப்பது வருஷமாக லிஃப்ட் வேலை. நாற்பது மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு டீ குடிப்பார். சுற்றி நாலு பக்கமும் சுவர் இருந்தால் எத்தனை உயரமும் அவருக்குத் தரைதான். ஒரு பக்கம் திறந்து, அந்தப் பக்கம் வானம் தெரிந்துவிட்டால் போச்சு, அடுத்த அடி எடுத்து வைக்க மாட்டார். எட்டாவது மாடியில் வீடு, பால்கனிக் கதவை அவர் திறந்ததே கிடையாது. துணி காயப்போடுவது எல்லாம் பெண்கள் பாடு.

ஆனால் அன்றைக்கு அவரைப் பிடித்து உலுக்கியது மலை இல்லை. டாக்டருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பதுதான். வேறு என்ன இருக்க முடியும்? மூன்று தடவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாயிற்று. மூன்று தடவையும் டாக்டரின் மனைவியும் மகனும்தான் வந்தார்கள், அவர் வரவில்லை. பிள்ளைகள் குடிபோகப் போகிற வீடு ஒரு புதுக் கட்டடத்தில் பத்தொன்பதாவது மாடி. அதைப் பார்க்கவும் அவர் போகவில்லை. "அது வேண்டாம், வேற இடம் பாரு" என்று மகனிடம் முகத்தில் அடித்த மாதிரி சொன்னாராம். மாப்பிள்ளைப் பையன் அதை மகளிடம் சொல்லி, மகள் இங்கே வந்து, "அவருக்கு என்னைப் பிடிக்கலையாப்பா?" என்று கேட்டபோது, மெக்கானிக் சோற்றுத் தட்டைப் பார்த்தபடி, "சேச்சே, என்ன பேச்சு இது" என்றார். பெண்ணைப் பிடிக்காமல் இல்லை, பெண்ணின் அப்பன் செய்த காரியம்தான் பிடிக்கவில்லை என்று அவர் எப்படிச் சொல்வார்?

அந்தக் காரியத்தையும் சொல்லித்தானே ஆகவேண்டும்.

இரண்டு மாசத்துக்கு முன்னால், முதல் முதலாக டாக்டர் வீட்டுக்குப் பேசி முடிக்கப் போயிருந்தார்கள். பழைய கட்டடம், ஏழாவது மாடி. லிஃப்டில் ஏறும்போதே மூன்றாவது மாடியில் 'கிறீச்' என்று ஒரு சத்தம். மெக்கானிக்கின் காது விடைத்தது. பிரேக் சரியாக விலகாமல் தேய்கிறது. அவருடைய கம்பெனி பார்க்கிற லிஃப்ட் இல்லை அது, வேறு யாரோ பார்ப்பது. இருந்தால் என்ன? உள்ளே உட்கார்ந்து பெரியவர்கள் நாள் பார்க்கிறார்கள், இவர் காதில் கிறீச். பலகாரம் வருகிறது, கிறீச். பொறுக்க முடியவில்லை. "ஆபீஸ் ஃபோன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே நழுவி, நல்ல சட்டையோடு, மேலே படிக்கட்டு முடிகிற இடத்தில் இருந்த மெஷின் ரூமுக்குப் போனார். கதவு சும்மா சாத்தியிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்தார். சாவிக் கொத்தில் எப்போதும் தொங்குகிற தன் சொந்தப் பூட்டைச் சுவிட்சில் போட்டார். பேன்ட் பையில் எப்போதும் மடங்கிக் கிடக்கும் சிவப்பு அட்டையை மாட்டினார்: 'ஆள் வேலை செய்கிறார். தொடாதீர்கள்.' கீழே அவருடைய ஃபோன் நம்பர்.

எல்லாம் சட்டப்படி செய்தார், ஒன்றைத் தவிர. சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால், பெட்டி ஏறி இறங்குகிற லிஃப்ட் கிணற்றுக்குள் குனிந்து மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும்: "பெட்டியில் ஆள் உண்டா?" தொழிலுக்கு வந்த முதல் நாள் மண்டையில் ஏற்றப்பட்ட பாடம் அது. முப்பது வருஷத்தில் ஒரு தடவை தவறியதில்லை. அன்றைக்குச் சம்பந்தி வீட்டில் சத்தம் போடக் கூச்சப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டார்.

பெட்டியில் ஆள் உண்டு. தாமதமாக வந்த உறவுக்காரர் ஒருவரை வாசலில் போய் அழைத்து வரலாம் என்று இறங்கிய டாக்டர், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில், கும்மிருட்டில், நாற்பது நிமிஷம் நின்றார். ஃபோன் வீட்டில். அபாய மணியின் பேட்டரி எந்தக் காலத்திலோ செத்துப்போயிருந்தது. மேலே மெக்கானிக் அங்கே கிடந்த சுத்தியலால் தட்டிக்கொண்டும், மெஷினைக் கொஞ்சிக்கொண்டும், ஆனந்தமாக வேலை பார்த்தார்.

பூட்டைக் கழற்றி, சுவிட்சைப் போட்டுவிட்டுக் கீழே வந்தால் வாசலில் ஒரே கூட்டம். வியர்த்து ஊற்றி, சட்டை உடம்போடு ஒட்டி, டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெக்கானிக்கின் கையில் கறுப்பு கிரீஸைப் பார்த்ததும் டாக்டரின் மனைவி ஓடி வந்து, "ஐயோ, நீங்கதான் போய் சரி பண்ணினீங்களா? நல்ல வேளை அண்ணா, நீங்க இருந்தீங்க!" என்று கும்பிட்டார்.

அங்கே, அந்த நிமிஷத்தில், "இல்லைம்மா, கெடுத்ததே நான்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. "பழைய மெஷின்" என்று முனகினார். ஊரே அவரைப் புகழ்ந்தது. கிறீச் சத்தமும் நின்றுபோனதால் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் புகழ்ந்தது. வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான், சிவப்பு அட்டையை மெஷின் ரூமிலேயே மறந்து வந்தது நினைவுக்கு வந்தது. ஃபோன் நம்பரோடு!

பிறகு ஒரு தடவை போய்ப் பார்த்தார். மெஷின் ரூம் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ் அவரை மலையடியில் இறக்கியபோது டாக்டர் முன்னமே வந்து காத்திருந்தார். நகரத்தின் எந்த மொட்டை மாடியில் நின்றாலும் தெரிகிற மலைதான். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஞாயிறு வந்தால் பாதி நகரம் அங்கேதான் கால் வலிக்க வரும். டாக்டர் ஒல்லியாகி, முகம் வெயிலில் கறுத்து, கையில் கம்போடு நின்றார். இரண்டு மாசமாக அவர் வீட்டில் லிஃப்டைத் தொடுவதே இல்லை, ஏழு மாடியும் படிதான், உடம்பைப் பேணுவதில் பெரிய பைத்தியமாகிவிட்டார் என்று மாப்பிள்ளைப் பையன் சொல்லியிருந்தான்.

"வாங்க சம்பந்தி. ஷூ பரவாயில்லையா?"

"வேலைக்குப் போடுற ஷூதான். நல்லா பிடிக்கும்."

"பேச வேண்டியதை உச்சியில போய்ப் பேசிக்கலாம். இங்க கூட்டம்" என்று டாக்டர் சொல்லிவிட்டு, தோள் பையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

பையில் ஏதோ தட்டையாக, விறைப்பாக இருந்தது. அட்டை! மெஷின் ரூமில் விட்டுவந்த சிவப்பு அட்டையேதான்! கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, சாட்சியோடு உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார் மனுஷர். பல் பிடுங்குகிறவரல்லவா, அவசரப்படாமல், உட்காரவைத்து, விளக்கைப் போட்டு, அப்புறம்தான் குறடை எடுப்பார்.

முதல் ஒரு மணி நேரம் மரங்களுக்குள் பாதை. செங்குத்துதான், மூச்சு முட்டியது, ஆனால் இரண்டு பக்கமும் மரம் அடைத்து நின்றதால் மெக்கானிக்குக் கிணற்றுக்குள் இருக்கிற தெம்பு இருந்தது. வேர்களைப் பிடித்து ஏறினார். டாக்டர் முன்னால், இவர் பின்னால். அந்தப் பை அவர் கண் மட்டத்தில் ஆடிக்கொண்டே போனது. இங்கேயே சொல்லிவிடலாமா? சொல்லிவிட்டால் என்ன ஆகும்? "பொய் சொல்லி நல்ல பேரு வாங்கின ஆளோட வீட்டுல சம்பந்தம் வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். மகள் குளியலறையில் பாடுவது நின்றுபோகும். அதை நினைத்ததும் அவருக்கு மலையே தலைமேல் சாய்ந்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்தவர் மூச்சு வாங்குவதுபோல் நடித்துவிட்டு மூடிக்கொண்டார்.

மரங்கள் முடிந்த இடத்தில் சங்கிலிப் பாறை வந்தது. மொட்டைப் பாறை, இரண்டு ஆள் உயரம், பிடித்து ஏற ஓர் இரும்புச் சங்கிலி, கால் வைக்க வெட்டிய குழிகள். இடது பக்கம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே என்றால் ஒன்றுமே இல்லை. அதற்குக் கீழே, வெகு கீழே, நகரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சிரித்துக்கொண்டு ஏறினார்கள். மெக்கானிக் மூன்றாவது குழிவரை ஏறிவிட்டு, பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டார். கண்ணை இறுக்கி மூடி, வாயைத் திறந்து, தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட மீன் மாதிரி மூச்சுவிட்டார்.

பின்னால் நின்ற ஒரு அம்மாள், "என்ன சார், இடத்தைப் பிடிச்சிட்டீங்களா? நாங்களும் போகணுமே!" என்றாள்.

மேலே ஏறிவிட்டிருந்த டாக்டர் மறுபடி இறங்கி வந்தார். அவருடைய கை மெக்கானிக்கின் மணிக்கட்டைப் பிடித்தது. முப்பது வருஷமாகப் பயந்தவர்களைப் பிடித்துப் பழகிய கை.

"சம்பந்தி, கண்ணைத் திறங்க. வாயை மூடுங்க. என் கிளினிக்ல இதைத் தலைகீழா சொல்லுவேன். இங்க இப்படித்தான். மூக்கால மூச்சு விடுங்க. என் ஷூவை மட்டும் பாருங்க. அது எங்க போகுதோ, அந்தக் குழியில உங்க கால். அவ்வளவுதான் உலகம்."

"எனக்கு... எனக்குத் திறந்தவெளி..."

"தெரியுது. பேசாதீங்க. ஒண்ணு. ரெண்டு. இன்னும் ஒண்ணே ஒண்ணு. முடிஞ்சுது."

அவர் எல்லாரிடமும் இப்படித்தான் 'ஒண்ணே ஒண்ணு' என்று பொய் சொல்வாராம், அது ஐந்து குழி. ஆனாலும் ஏறியாயிற்று. பாறைத் தலையில் தவழ்ந்து போய் உட்கார்ந்த மெக்கானிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயத்தால் பாதி. இவ்வளவு நல்ல மனுஷனை இருட்டில் நிறுத்தினோமே என்ற வெட்கத்தால் மீதி.

உச்சியில் ஓர் இரும்புக் கிராதியும் நாலைந்து தட்டைப் பாறைகளும் இருந்தன. மெக்கானிக் நகரத்துக்கு முதுகைக் காட்டி, ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தார். டாக்டர் பிளாஸ்கைத் திறந்து இரண்டு பேருக்கும் டீ ஊற்றினார். பிறகு பைக்குள் கையை விட்டார்.

வெளியே வந்தது சிவப்பு அட்டை இல்லை. ஒரு ஃபைலில் செருகிய வீட்டு வரைபடம். பத்தொன்பதாவது மாடி வீடு: ஹால், அடுப்படி, இரண்டு படுக்கையறை.

"இந்த ஓரத்து ரூமை எனக்கும் என் வீட்டம்மாவுக்கும்னு ஒதுக்கியிருக்காங்களாம். உங்க பொண்ணுதான் ஒதுக்கச் சொல்லியிருக்கா. 'மாமா வந்தா வெயில் படாம புத்தகம் படிக்கலாம்'னு." டாக்டர் படத்தை மடியில் வைத்துத் தடவினார். "நான் அந்த வீட்டுக்கு எப்படிப் போவேன் சம்பந்தி?"

மெக்கானிக்குப் புரியவில்லை. "ஏன், போனா என்ன?"

"என்னால லிஃப்ட்ல ஏற முடியலை." டாக்டர் இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார். "அன்னைக்கு மாட்டிக்கிட்டதுல இருந்து. கதவு மூடினாலே நெஞ்சு அடைக்குது. வீட்டுல யாருக்கும் தெரியாது. உடம்பு, நடை, மலைன்னு கதை விட்டுட்டு இருக்கேன். அதான் உங்க வீட்டுக்கும் வரலை. எட்டு மாடி ஏறி வேர்த்து விறுவிறுத்து வந்து நின்னா கேப்பீங்களே. வேற வீடு பாருன்னேன், பையன் முகம் செத்துப் போச்சு. உங்க பொண்ணை எனக்குப் பிடிக்கலைன்னு நினைச்சுக்கிட்டான். அந்தப் பொண்ணும் அப்படித்தான் நினைக்குதாம். எனக்குத் தூக்கமே வரலை சம்பந்தி."

மெக்கானிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா! அட்டை இல்லை. சாட்சி இல்லை. கல்யாணம் நிற்கவில்லை. இரண்டு மாசமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. அந்த மலைக்காற்றும் டீயும்கூட அப்போதுதான் அவருக்கு உறைத்தன. எழுந்து நகரத்தை ஒரு பார்வை பார்க்கலாம் என்றுகூடத் தோன்றியது. நல்ல வேளை, பார்க்கவில்லை.

"இவ்வளவுதானா சம்பந்தி! நான் என்னமோ ஏதோன்னு..."

"அன்னைக்கு என்னை வெளியே கொண்டுவந்தது நீங்கதான். அதனாலதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்றார் டாக்டர். "நீங்க பக்கத்துல நின்னா ஏறிடுவேன்னு தோணுது. நாலு தடவை என்கூட வந்தீங்கன்னா போதும்."

வந்த நிம்மதி அப்படியே வழியில் நின்றது.

டாக்டர் தன் போக்கில் சொல்லிக்கொண்டு போனார். "அந்த இருட்டுகூடப் பரவாயில்லை. மேலே ஒருத்தன் வேலை பார்க்கிற சத்தம் கேட்டுச்சு. நான் கத்துறேன், அவன் பாட்டுக்குத் தட்டுறான். நடுநடுவுல, யாருன்னே தெரியாம எதிரொலிக்கிற குரல்ல, மெஷினைக் கொஞ்சுறான். 'என்னடா தங்கம், எங்க வலிக்குது'ன்னு. எங்க கட்டடத்து மெக்கானிக்கா இருக்கும், நீங்க வர்றதுக்குள்ள போட்டது போட்டபடி போயிட்டான். கனவுலகூட அந்தக் குரல்தான் வருது. அவன் மட்டும் என் கையில கிடைச்சா, மரத்துப்போற ஊசி போடாம ஒரு பல்லைப் பிடுங்குவேன்."

மெக்கானிக் டீயைக் கீழே வைத்தார்.  ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. நாலு தடவை கூட நின்றால் வேலை முடிந்தது, நல்ல பேர் இரட்டிப்பாகும். ஆனால் அந்த மனுஷர் லிஃப்டுக்குள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தார். இவரை நம்பி. இவரை!

எழுந்து போய், டாக்டருக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, வாயை 'ஆ' என்று அகலமாகத் திறந்தார்.

டாக்டர் பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்தார். "ஏன், பல்லு வலியா?"

"எந்தப் பல்லு வேணும்னு சொல்லுங்க சம்பந்தி. ஊசி வேண்டாம். எத்தனை வேணும்னாலும் எடுத்துக்குங்க. கல்யாணத்தை மட்டும் விட்டுடுங்க. அந்த ஆளு நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னார். கிறீச் சத்தம், ஆபீஸ் ஃபோன் என்ற பொய், போட்ட பூட்டு, கொடுக்காத குரல், வாங்கிக்கொண்ட நல்ல பேர்.  டாக்டரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிளாஸ்கை மூடினார். வரைபடத்தைப் பைக்குள் வைத்தார். எழுந்து இறங்க ஆரம்பித்தார்.

போச்சு. எல்லாம் போச்சு. மெக்கானிக் பின்னாலேயே ஓடினார். சங்கிலிப் பாறைக்கு வந்தபோது டாக்டர் கீழே இறங்கிவிட்டிருந்தார். பாறைத் தலையில் மெக்கானிக் ஒற்றை ஆளாக நின்றார். காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. சங்கிலியைத் தொட்ட கை பின்னுக்கு வந்தது. அப்படியே குந்தி உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் கீழே நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார், ஆனால் போகவில்லை. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

"இறங்குங்க" என்றார் திரும்பாமலே.

"நீங்க போங்க சம்பந்தி. நான் நாப்பது நிமிஷம் இங்க இருந்துட்டு வர்றேன்."

"என்னது?"

"நீங்க நாப்பது நிமிஷம் நின்னீங்கள்ல? நானும் நிக்கிறேன். எனக்கு இதுதான் அந்த லிஃப்ட்."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். வேலைக்குப் போகும் ஷூவோடு, பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்து உட்கார்ந்திருந்த சம்பந்தியைப் பார்த்தார். முதலில் அவருடைய தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டார். சிரித்து முடிக்கிறபோது அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா எனக்கு ஆயுசுக்கும் தெரிஞ்சிருக்காதே."

"பழுதை மறைச்சு வச்சு ஒரு ஆளை உள்ள ஏத்தினது கிடையாது நான்." மெக்கானிக் கண்ணைத் திறக்காமலே பேசினார். "அந்த ஒரு நாள்தான் தப்பிப் போச்சு. அதை வச்சுக்கிட்டு உங்களைப் பத்தொன்பது மாடி எப்படிக் கூட்டிட்டுப் போவேன்?"

டாக்டர் கம்பைக் கீழே போட்டுவிட்டு, சங்கிலியைப் பிடித்து மறுபடி மேலே ஏறி வந்தார்.

"உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு. நல்லாவே இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். அதுக்கும் பிள்ளைங்களுக்கும் என்ன சம்பந்தம்? கண்ணைத் திறங்க. வாயை மூடுங்க. ஷூவைப் பாருங்க."

"அப்ப கல்யாணம்..."

"யோவ், வாயை மூடுங்கன்னேன்!"

'யோவ்' என்று சொன்ன மறு நிமிஷம் டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மெக்கானிக்கோ, இத்தனை நாளில் கேட்ட நல்ல வார்த்தை அதுதான் என்பதுபோல், பல் தெரியச் சிரித்துக்கொண்டே குழி குழியாக இறங்கினார். இறங்கி முடித்துத் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இடது பக்கத்தை அவர் கவனிக்கவே இல்லை. மரங்களுக்குள் நுழைந்ததும் வழியில் போகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டு, "பார்த்து வாங்க, மேலே சங்கிலி இருக்கு, ஒண்ணும் பயமில்லை" என்று உபதேசம் வேறு செய்துகொண்டு வந்தார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

மலையடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது டாக்டர், "இன்னைக்கே பார்த்துடலாமா? நாளைக்குன்னா நான் மனசு மாறிடுவேன்" என்றார்.

பழைய கட்டடத்துக்கு இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. மெக்கானிக் முதலில், புதுப் பூட்டைப் போட்டிருந்த காவலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு, டாக்டரைப் படி வழியாக மெஷின் ரூமுக்குக் கூட்டிப்போனார். பெட்டியைத் தாங்குகிற ஆறு கயிறுகளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு கயிறே போதும், மீதி ஐந்தும் உங்கள் பயத்துக்காக என்றார். பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று காட்டினார். சுவிட்சுக்குப் பக்கத்தில் சிவப்பு அட்டை மாட்டினது மாட்டினபடி தொங்கியது.

"ரெண்டு மாசம்!" மெக்கானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு மாசமா ஒருத்தன் உள்ள வந்து எட்டிப் பார்க்கலை! இந்த லட்சணத்துலதான் இவங்க லிஃப்டைப் பார்க்கிறாங்க!"

"நல்லதாப் போச்சுன்னு சந்தோஷப்படுங்க" என்றார் டாக்டர். பிறகு மெக்கானிக் மூலையில் செத்துக் கிடந்த அபாய மணிப் பேட்டரியை மாற்றச் சொல்லிக் காவலாளியின் ஃபோனிலேயே அந்தக் கம்பெனிக்காரனை ஒரு பிடி பிடித்தார். திட்டு வாங்கின ஆள் ஒரு மணி நேரத்தில் புதுப் பேட்டரியோடு ஓடி வந்தான். அபாய மணி தெருக்கோடிவரை அலறியது. அதைக் கேட்ட பிறகுதான் டாக்டரின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

தரைத் தளம். லிஃப்ட் கதவு திறந்திருந்தது. டாக்டர் ஒரு கால் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். உள்ளே போய் மூலையில் ஒட்டி நின்றார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நெற்றி வியர்த்தது.

"சம்பந்தி, கண்ணைத் திறங்க" என்றார் மெக்கானிக்.

"வாயை மூடணுமா?"

"வேண்டாம். வாயைத் திறந்தே வச்சுக்குங்க. பதில் சொல்லணும்."

மெக்கானிக் லிஃப்ட் வாசலில் நின்று, கழுத்தை நிமிர்த்தி, ஏழு மாடிக்கும் கேட்கிற மாதிரி, அன்றைக்குக் கொடுக்காத குரலை இன்றைக்குக் கொடுத்தார்.

"பெட்டியில் ஆள் உண்டா?"

படிக்கட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது தடவை இன்னும் சத்தமாக: "பெட்டியில் ஆள் உண்டா?"

டாக்டர் கண்ணைத் திறந்தார்.

"பெட்டியில் ஆள் உண்டா?"

"உண்டு!" டாக்டர் கத்தினார். இரண்டு மாசமாகத் தொண்டையில் நின்றிருந்தது வெளியே வந்தது. "ஆள் உண்டு! நான் இருக்கேன்!"

"கேட்டுச்சு சம்பந்தி" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் உள்ளே போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஏழாம் நம்பர் பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னார்.

கதவு மூடியது. முதல் மாடி வந்தது. இரண்டாவது மாடி வந்தது. அதற்கும் மூன்றாவதுக்கும் நடுவில் டாக்டரின் விரல்கள் மெக்கானிக்கின் கையை நொறுக்கின. மூன்றாவது மாடி தாண்டியது. கிறீச் இல்லை, ஒரு சத்தமும் இல்லை.

"நல்லாத்தான் ரிப்பேர் பண்ணியிருக்கீங்க" என்றார் டாக்டர்.

ஏழாவது மாடியில் கதவு திறந்தபோது டாக்டரின் மனைவி துணிக்கூடையோடு நின்றிருந்தார். மண்ணும் வியர்வையுமாக, கைகோத்தபடி லிஃப்டுக்குள் நின்ற இரண்டு சம்பந்திகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க லிஃப்ட்லயா வந்தீங்க?" என்று கேட்டார்.

"நான் என் மருமகளுக்கு ஃபோன் பண்ணணும்" என்றார் டாக்டர். "ஓரத்து ரூம்ல ஒரு சாய்வு நாற்காலியும் போடச் சொல்லணும்."